தூதும் வேலியும்

சில வாரங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்து இலக்கிய வட்டமொன்றிலே கோவூர்கிழாரைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளி, அதே குடியிற் பிறந்த நெடுங்கிள்ளியை உறையூரிலே முற்றுகையிட்டிருந்த வேளையில், அப்புலவர் இருவருக்கும் நடுவே சென்று நின்ற செய்தியைப் புறநானூறு பதிந்து வைத்திருக்கிறது. எதிரே நிற்பவன் சேரனல்லன், பாண்டியனல்லன். இருவரில் எவன் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்பது அவர் எடுத்துரைத்த நியாயம். படையில்லாத ஒருவர், சொல்லொன்றையே துணையாகக் கொண்டு, இரண்டு படைகளுக்கிடையே நின்ற காட்சியை இயன்றவரை விரித்துச் சொன்னேன்.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, புலவர் சொன்ன பிறகு முற்றுகை நின்றதா?" என்று கேட்டார். பாட்டும் அதன் கீழுள்ள குறிப்பும் அதைச் சொல்லவில்லை என்றேன். நெடுங்கிள்ளி காரியாறு என்னுமிடத்தில் இறந்தவன் என்பதை அவனுக்கு வழங்கும் பெயரே காட்டுகிறது என்பதையும் மறைக்காமற் சொன்னேன். மாணவர் விடவில்லை. "அப்படியானால், 1962ஆம் ஆண்டிலே எங்கள் நாடு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே தூது போனதும் இதைப் போலத்தானா? போனோம், பேசினோம், திரும்பி வந்தோம். எல்லைப் பிணக்கு இன்னும் தீரவில்லை. பின் எதற்காக ஐயா தூது?"

சபையிலே சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நேரமின்மையைக் காட்டித் தப்பிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி வீடுவரை என்னுடன் நடந்து வந்தது. அது ஒரு மாணவரின் கேள்வி மட்டுமன்று. சிறிய நாடொன்றிற் பிறந்தவர், இரண்டு பெரிய அயலவர்களின் சண்டையைப் பார்த்து நிற்கும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி. ஆதலின் அன்று சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுத முற்படுகிறேன்.

எல்லைப் பிணக்கு என்றதும் மலைமுகடுகளையும் படைவரிசைகளையும் நினைக்கிறோம். யாழ்ப்பாணத்தவருக்கு அது அத்தனை தூரத்து விடயமன்று. வேலிச் சண்டையை அறியாத ஊர் எங்களிடத்தில் உண்டா? என் சிறுபிராயத்தில், எங்கள் ஒழுங்கையிலே தகப்பன்மார் வழியிற் சகோதரமுறையான இருவரின் காணிகள் அடுத்தடுத்து இருந்தன. ஒவ்வொரு வேலியடைப்புக் காலத்திலும் மூத்தவர் கதியாலைச் சாண் அளவு தள்ளி நடுகிறார் என்பது இளையவரின் முறைப்பாடு. உறுதிகளை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு உறுதிகளும் இரண்டு விதமாகப் பேசின. நிலஅளவையாளர் வந்து சங்கிலி பிடித்தார். அவர் வரைந்த படம் ஒருவருக்கு இனித்தது, மற்றவருக்குக் கைத்தது. பிரக்கிராசியிடம் போனார்கள், பணம் கரைந்தது. ஒருநாள் கத்தியும் ஓங்கப்பட்டது.

அப்போது நடுவே வந்தவர், இருவருக்கும் எழுத்தறிவித்த சட்டம்பியார். அவர் எவர் வீட்டுக்கும் போகவில்லை. இருவரையும் பள்ளிக்கூட விறாந்தைக்கு அழைத்தார். அடுத்த வேலியடைப்பு வரும்வரை ஒரு கதியாலையும் எவரும் தொடுவதில்லை என்று முதலில் வாக்கு வாங்கினார். காணி யாருடையது என்று அவர் கேட்கவில்லை. "உனக்கு எது நோகிறது?" என்றுதான் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார். மூத்தவருக்கு நொந்தது அரைமுழ நிலமன்று. உறவினர் கூடிய ஒரு சபையிலே இளையவர் தம்மைக் கள்ளன் என்று சொன்ன சொல். இளையவருக்கு நொந்ததும் நிலமன்று. தம் தகப்பனார் நட்ட பலாமரம் வேலிக்கு அப்பாலே போய்விடும் என்ற எண்ணம்.

முடிவு இதுதான்: வேலி, நிலஅளவையாளர் வரைந்தபடி மூத்தவருக்குச் சார்பாக நின்றது. பலாமரம் மூத்தவரின் காணிக்குள்ளே போயிற்று. ஆனால் அதன் காய் இளையவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. மரத்தடிக்குப் போய்வர வேலியிலே ஒரு பொட்டு விடப்பட்டது. இளையவர் வெற்றிலைத் தட்டுடன் மூத்தவரின் படியேறினார். இவற்றையெல்லாம்விட எனக்கு இன்றும் நினைவில் நிற்பது வேறொன்று. அடுத்த மூன்று ஆண்டுகளும் வேலியடைப்பு நாளிற் சட்டம்பியார் வெயிலிலே குடையுடன் வந்து, கடைசிக் கிடுகு கட்டப்படும்வரை அங்கேயே நின்றார்.

இந்தச் சிறிய கதையைச் சொல்வதற்குக் காரணமுண்டு. எல்லைப் பிணக்கு என்பது மூன்று இழைகள் முறுகிக் கிடக்கும் ஒரு முடிச்சு. ஒன்று ஆட்சி: இந்த நிலத்தின் மேல் எவருடைய சட்டம் செல்லும் என்பது. மற்றொன்று மானம்: விட்டுக்கொடுத்தவன் தலைகுனிந்தான் என்று பிறர் சொல்வார்களே என்பது. மூன்றாவது பயன்: அந்த நிலத்திலே மேயும் ஆடு, ஓடும் ஆறு, பிடிபடும் மீன். பிணங்கி நிற்கும் இருவரின் கைகளும் இந்த முடிச்சுக்குள்ளேயே அகப்பட்டிருக்கின்றன; அவர்கள் இழுக்க இழுக்க அது இறுகுகிறது. கை அகப்படாத மூன்றாமவர் ஒருவரால் முடிச்சை வெட்டமுடியாது. ஆனால் இழைகளைப் பிரித்துக் காட்டமுடியும். தூதின் பயன் இதுவே. இந்த அளவுகோலைக் கொண்டு 1962ஆம் ஆண்டுக்கு வருவோம்.

இந்திய - சீன எல்லையில் இரண்டு பெரிய சிக்கல்கள் இருந்தன. கிழக்கிலே, 1914ஆம் ஆண்டின் சிம்லா மாநாட்டின்போது பிரித்தானிய இந்தியாவின் பிரதிநிதியும் திபெத்தின் பிரதிநிதியும் ஒப்புக்கொண்ட மக்மகன் கோட்டை இந்தியா எல்லையாகக் கொண்டது. சீனா அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. மேற்கிலே, லடாக்கை அடுத்த அக்ஸாய் சின் என்னும் உயர்ந்த பாலைநிலத்தில், இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட கோடு என்று எதுவும் என்றும் இருந்ததில்லை. அந்தப் பகுதியில் எல்லை வரையறுக்கப்படவில்லை என்று காட்டிவந்த இந்திய அரசின் தேசப்படங்கள் 1954ஆம் ஆண்டிலிருந்து அங்கே உறுதியான கோடொன்றைக் காட்டின. சீனாவோ சிங்கியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் பெருந்தெருவை அதே நிலத்தின் ஊடாக அமைத்து 1957ஆம் ஆண்டில் முடித்தது. ஒருவர் காகிதத்திற் கோடு போட்டார்; மற்றவர் மண்ணிலே தெரு போட்டார். 1962 ஒக்டோபர் 20ஆம் நாள் பெரும்போர் மூண்டது. நவெம்பர் 21ஆம் நாள் சீனா தானாகவே போரை நிறுத்துவதாக அறிவித்து, டிசெம்பர் முதலாம் நாளிலிருந்து தன் படைகளைப் பின்வாங்கத் தொடங்குவதாகவும் கூறியது.

பீரங்கிகள் ஓய்ந்திருந்த அந்த இடைவேளையிலேதான் அப்போதைய பிரதம மந்திரி திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா ஆறு நாடுகளைக் கொழும்பிலே கூட்டினார். டிசெம்பர் 10 முதல் 12 வரை இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடிப் பேசினர். பர்மாவின் நே வின், கம்போடியாவின் சிஹானூக், இந்தோனேசியாவின் சுபாந்திரியோ, ஐக்கிய அரபுக் குடியரசின் அலி சப்ரி, கானாவின் ஒஃபோரி-அட்டா ஆகியோர் அந்தச் சபையில் இருந்தனர். இந்தியா எங்களுக்கு மிக அண்மைய அயல். சீனாவோ 1952ஆம் ஆண்டின் இறப்பர் - அரிசி உடன்படிக்கையால் எங்கள் அடுப்புவரை வந்த நட்பு. இருவரிடமும் மனம்விட்டுப் பேசக்கூடிய நிலையில் இருந்த நாடுகளில் எங்களுடையதும் ஒன்று.

அந்த ஆறு நாடுகளும் எழுதிய யோசனைகளை இன்று நிதானமாகப் படிப்பவர், அவற்றிலே நீதிபதியின் குரல் இல்லாமையைக் காண்பார். எவர் முதலில் அடித்தார் என்று அவை சொல்லவில்லை. மேற்குப் பகுதியிலே சீனப் படை 20 கிலோமீற்றர் பின்வாங்குவது, இந்தியப் படை இருக்கும் இடத்திலேயே இருப்பது, இடையே வெறுமையாகும் நிலத்தை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் படைசாராக் காவல்நிலையங்களைக் கொண்டு நிருவகிப்பது என்றார்கள். கிழக்கிலே இரு அரசுகளும் ஒப்புக்கொள்ளும் இடங்களிற் கட்டுப்பாட்டுக் கோட்டையே போர்நிறுத்தக் கோடாகக் கொள்வது, எஞ்சியவற்றைப் பேசித் தீர்ப்பது என்றார்கள். நடுப்பகுதியிற் படைவலியை நாடாது சமாதான வழியை நாடுவது என்றார்கள். இவற்றை ஏற்பதனால் இறுதி எல்லை பற்றிய எவருடைய நிலைப்பாட்டுக்கும் குறைவு நேராது என்றும் எழுதினார்கள். சட்டம்பியார் கேட்ட முதல் வாக்குறுதியை ஒத்தது இது: அளப்பதைப் பின்னர் பார்ப்போம், இப்போது கதியாலைத் தொடாதிருங்கள்.

யோசனைகளை உடனே பத்திரிகைகளுக்குக் கொடுக்காமல், பிரதம மந்திரியே அவற்றை எடுத்துக்கொண்டு பெக்கிங்குக்கும், பின்னர் 1963 ஜனவரியிலே டெல்லிக்கும் போனார். பெக்கிங்கிலே சுபாந்திரியோ உடனிருந்தார். டெல்லியிலே அலி சப்ரியும் ஒஃபோரி-அட்டாவும் உடனிருந்து விளக்கங்கள் அளித்தனர். அந்த விளக்கங்களுடன் சேர்த்து யோசனைகளை இந்தியா முழுமையாக ஏற்றது. சீனா கொள்கையளவில் ஏற்பதாகக் கூறி, இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தது. படைகள் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்பது மேற்குக்கு மட்டுமன்றி எல்லை முழுவதற்கும் பொருந்தவேண்டும் என்பது ஒன்று. தான் விட்டு நீங்கிய மேற்கு நிலத்துக்குள் இந்தியாவின் படையோ படைசாரா அலுவலரோ வரலாகாது என்பது மற்றொன்று. டெல்லியில் அளிக்கப்பட்ட விளக்கம் பெக்கிங்குக்கு ஏற்கவில்லை. பேச்சு தொடங்கவேயில்லை.

இதனைத் தோல்வி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அன்று பாய்ந்துகொண்டிருந்த இரண்டு பெரிய நாடுகளுக்கு முன்னே, படையும் பணமும் இல்லாத ஆறு நாடுகள் ஒரு தாளை வைத்தன. அந்தத் தாளையும் விலக்கித் தள்ளிவிடாமல் இரண்டு நாடுகளும் அதற்கு விடை எழுதின. அது சிறிய காரியமன்று. மேலும், 2020 ஜூன் 15ஆம் நாள் கல்வான் பள்ளத்தாக்கிலே இருபது இந்திய வீரர்கள் உயிரிழந்தபின் - தன் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீனா பின்னர் ஒப்புக்கொண்டது - லடாக்கின் சில இடங்களில் இரு படைகளும் பின்வாங்கி, நடுவே எவரும் சுற்றுக்காவல் செல்லாத நிலத்தை விட்டன. இது 1962இல் கொழும்பிலே எழுதப்பட்ட எண்ணத்தை ஒத்திருப்பதை எவரும் காணலாம். நல்ல யோசனைக்கு முதுமை இல்லை.

ஆயினும் மாணவரின் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. பிணக்குத் தீரவில்லை என்பது உண்மை. 1988ஆம் ஆண்டில் ரஜீவ் காந்தி பெக்கிங்குக்குச் சென்றார். 1993இலும் 1996இலும் எல்லையில் அமைதி காப்பதற்கான உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. 2003ஆம் ஆண்டிலிருந்து இரு நாடுகளின் விசேட பிரதிநிதிகள் பேசிவருகின்றனர். 2024 ஒக்டோபரிலே சுற்றுக்காவல் பற்றிய இணக்கமொன்று ஏற்பட்டது. இத்தனைக்குப் பின்னும் எல்லையின் நீளத்தை இந்தியா 3,488 கிலோமீற்றர் என்கிறது. சீனா ஏறத்தாழ 2,000 என்கிறது. எல்லை எங்கே என்பதில் மட்டுமன்றி, எவ்வளவு என்பதிலும் உடன்பாடு இல்லை. கொழும்புத் தூதிலே குறைந்தது யாது? மூன்று நாட்கள் கூடினார்கள், இரண்டு தலைநகரங்களுக்குப் போனார்கள், திரும்பினார்கள். எல்லையிலே நின்று பார்ப்பதற்கு ஆட்களில்லை. முடியும்வரை உடனிருக்கவேண்டும் என்ற கடமையை எவரும் எவர்மீதும் சுமத்தவில்லை. சட்டம்பியார் வாக்கு வாங்கினார். ஆனால் வேலியடைப்பு நாளில் குடையுடன் வந்து நிற்க அவருக்கு வழியிருக்கவில்லை.

அப்படி நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எவராலும் சொல்லமுடியாது. ஆனால் நின்ற இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லமுடியும். அதற்காக வாசகரைத் தென்னமெரிக்காவுக்கு அழைத்துச் செல்கிறேன்.

எக்குவடோரும் பெருவும் அயல்நாடுகள். ஒரே மொழி பேசுவன, ஒரே ஏகாதிபத்தியத்திலிருந்து விடுபட்டன. கோவூர்கிழார் கண்டிருந்தால் ஒரே குடி என்றிருப்பார். 1941ஆம் ஆண்டிலே இரண்டும் பொருதின. 1942 ஜனவரி 29ஆம் நாள் ரியோ டி ஜெனீரோவிலே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆர்ஜென்டினா, பிரேசில், சிலி, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நான்கும் அதற்குப் பிணைநின்றன. அந்த உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரை, எல்லை முற்றாகக் குறிக்கப்பட்டு முடியும்வரை இந்த நான்கு நாடுகளின் பணியும் தொடரும் என்று விதித்தது. வாசகர் இந்த ஒரு விதியை மனத்திலே குறித்துக்கொள்ளவேண்டும்.

எல்லையின் பெரும்பகுதிக்குக் கல் நாட்டப்பட்டது. ஆனால் கொண்டோர் மலைத்தொடரிலே 78 கிலோமீற்றர் எஞ்சியது. ஒரு நீர்ப்பிரிமேட்டை எல்லையாகக் கொள்ளவேண்டும் என்று உடன்படிக்கை கூறியிருந்தது. விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்களோ அங்கே செனேப்பா என்னும் ஆறு எண்ணியதைவிட மிக நீண்டு கிடப்பதைக் காட்டின. அதனால் ஒரு நீர்ப்பிரிமேடு அன்று, இரண்டு உண்டு என்று எக்குவடோர் கூறி, உடன்படிக்கையை நிறைவேற்ற இயலாது என்றது. 1960ஆம் ஆண்டில் அது செல்லாது என்றே அறிவித்தது. பெரு ஒப்பவில்லை. 1981இல் ஒருமுறை துப்பாக்கிகள் வெடித்தன. 1995 ஜனவரியிலே பெருஞ்சண்டை மூண்டது. மனிதர் அரிதாகவே காலடி வைக்கும் அந்தக் காட்டுக்காக இளைஞர் மடிந்தனர்.

அப்போதுதான் 1942ஆம் ஆண்டின் விதி உயிர்பெற்றது. ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் பிணைநின்ற நான்கு நாடுகளின் கடமை முடிந்திருக்கவில்லை, ஏனெனில் கடைசிக் கல் நாட்டப்பட்டிருக்கவில்லை. 1995 பெப்ரவரி 17ஆம் நாள் பிரேசிலிலே சமாதானப் பிரகடனம் கைச்சாத்தானது. சண்டை முற்றாக ஓயவில்லை. பதினொரு நாட்களின் பின் மொன்டிவிடியோவிலே மறுபடியும் உறுதிசெய்தார்கள். நான்கு நாடுகளும் தத்தம் அவதானிகளைக் காட்டுக்குள்ளே அனுப்பி, படைகளைப் பிரித்து, படைநீங்கிய வலயமொன்றை நிறுவின. காகிதத்தை எழுதிக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், அவர்கள் அங்கே போய் நின்றார்கள். 1998ஆம் ஆண்டிலே மீண்டும் போர்மேகம் சூழ்ந்தபோதும் நின்றார்கள்.

இறுதியில், இரண்டு நாடுகளின் ஜனாதிபதிகளும் தம்மால் தீர்க்கமுடியாத பகுதியைப் பிணைநாடுகளிடமே விட்டனர். பிணைநாடுகள் உடனே தீர்ப்புக் கூறவில்லை. தாம் சொல்வதை ஏற்பதாக இரண்டு பாராளுமன்றங்களும் முன்கூட்டியே உறுதி சொல்லவேண்டும் என்றன. இதன் நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். தீர்வு இன்னதென்று தெரியுமுன்னரே ஏற்றவர்கள், தீர்வு வந்தபின் ஒருவரையொருவர் துரோகி என்று ஏசமுடியாது. பாராளுமன்றங்கள் இசைந்தன. 1998 ஒக்டோபர் 26ஆம் நாள் பிரேசிலியா நகரிலே எக்குவடோரின் ஜமில் மஹுவாத்தும் பெருவின் அல்பேர்ட்டோ பூஜிமோரியும் கைச்சாத்திட்டனர்.

அந்தத் தீர்விலே மூன்று இழைகளும் பிரிக்கப்பட்டிருந்தமையைப் பாருங்கள். ஆட்சி: கோடு கொண்டோர் மலைத்தொடரின் உச்சியிலே, பெரு கூறிவந்தபடி நின்றது. மானம்: எக்குவடோரின் வீரர் கடைசிவரை காத்து நின்று மடிந்த திவின்சா என்னுமிடத்திலே ஒரு சதுர கிலோமீற்றர் நிலம் எக்குவடோருக்குத் தனியுடைமையாக அளிக்கப்பட்டது, ஆட்சி பெருவினுடையது, காணி எக்குவடோரினுடையது. பயன்: அமேசனிலும் அதன் கிளையாறுகளிலும் எக்குவடோரின் கலங்கள் செல்லும் உரிமை எழுதப்பட்டது, மலையின் இரு பக்கமும் காட்டைக் காக்கும் வனப்பூங்காக்கள் ஒதுக்கப்பட்டன. மரம் ஒருவர் காணியில், காய் மற்றவருக்கு என்று எங்கள் சட்டம்பியார் சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 1999 மே மாதத்திலே கடைசிக் கல் நாட்டப்பட்டது. கைச்சாத்திட்ட ஜனாதிபதிகள் இருவரும் 2000ஆம் ஆண்டிலேயே பதவியிழந்தனர். கல் அசையவில்லை.

"அந்த நான்கும் பெரிய நாடுகள், அதனாற் கேட்டார்கள், நாங்கள் சிறியவர்கள்" என்று மாணவர் மறுப்பார். அது நியாயமான மறுப்பு. அதற்கு விடையும் அதே கண்டத்திலே உண்டு. ஆர்ஜென்டினாவும் சிலியும் தென்கோடியிலுள்ள பீகிள் கால்வாயின் மூன்று தீவுகளுக்காக 1978 டிசெம்பரிலே போரின் விளிம்புக்கு வந்தன. தடுத்தது ஒரு வல்லரசன்று. அரைச் சதுர கிலோமீற்றரும் இல்லாத வத்திக்கான். போப்பாண்டவரின் தூதராகப் போன கர்தினால் அந்தோனியோ சமோரே இரண்டு தலைநகரங்களுக்குமிடையே அலைந்து, 1979 ஜனவரி 8ஆம் நாள் அவர்களைப் படைவலியைத் துறக்கும் உறுதிமொழியிலே கைச்சாத்திடச் செய்தார். அவ்வளவிலே அவர் ஓய்ந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்காக இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்; 1983ஆம் ஆண்டிலே, முடிவைக் காணாமலே காலமானார். பணியோ நிற்கவில்லை. 1984 நவெம்பர் 29ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆக, நடுநிற்பவருக்கு வேண்டியது பருமனன்று. அவருக்கு அந்த நிலத்திலே ஆசையில்லை என்பதை இருவரும் நம்பவேண்டும். முடியும்வரை அவர் போகமாட்டார் என்பதையும் நம்பவேண்டும்.

எங்கள் வாசலுக்கு வருவோம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடலெல்லை 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வரையப்பட்டது. கச்சதீவு இலங்கையின் பக்கம் வந்தது. நடுவர் எவரும் இன்றி இரண்டு அரசுகளும் பேசி முடித்த கோடு அது. ஆட்சி என்னும் இழை அங்கே தெளிவாகவே பிரிந்தது. பயன் என்னும் இழையோ பிரியவில்லை. இழுவைப் படகுகள் கோட்டைத் தாண்டி வருகின்றன. எங்கள் கரையோரத்து மீனவரின் வலைகள் கிழிகின்றன. மறுகரையில் மீனவர் சிறைப்படுவதால் வீடுகள் இருளுகின்றன. ஒரே மொழி பேசும் இரண்டு கரைகள் ஒன்றையொன்று வைகின்றன. கோடு போட்டவுடன் பிணக்குத் தீர்ந்ததென்று எழுந்து போவோருக்கு இது ஒரு பாடம். அந்தக் கோட்டின் மேலே வாழ்பவரைக் கேளாமல் எழுதப்படும் எல்லை, பாதி எல்லையே. லடாக்கிலே தம் ஆடுகளின் மேய்ச்சல் நிலத்தை இழந்த சாங்பா இடையரும், கொண்டோர் மலையின் இரு பக்கமும் உறவினரான ஷுவார், அவாஹுன் குடிகளும் இதையே சொல்வர்.

இவ்விதழைப் படிப்பவருட் பலர் ஆசிரியர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூது என்பது இராசதந்திரிகளின் தொழில் மட்டுமன்று. அதற்கான மனநிலை வகுப்பறையிலே உண்டாகிறது. 1942ஆம் ஆண்டிலே இழந்த நிலத்தையும் தன்னுடையதாகக் காட்டும் தேசப்படத்தையே எக்குவடோரின் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் படித்து வளர்ந்தனர். படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஓரங்குல விட்டுக்கொடுப்பும் உடலுறுப்பை வெட்டுவதாகத் தோன்றும். ஆதலின் தேசப்படத்தைக் கற்பிக்கும்போது, இந்தக் கோட்டை வரைந்தவர் யார், எப்போது வரைந்தார், மறுபக்கத்துப் பிள்ளை படிக்கும் படத்திலே இது எங்கே கிடக்கிறது என்றும் கேட்கக் கற்பியுங்கள். அப்படிக் கேட்கப் பழகிய மாணவரே நாளை நடுநிற்கத் தகுதியுடையவர்.

திருவள்ளுவர் தூதுக்கெனத் தனியோர் அதிகாரமே வகுத்தார். சொல்வன்மையும் அஞ்சாமையும் அதிலே பேசப்படுகின்றன. காலம் கற்பித்த மற்றொன்றையும் அவற்றுடன் சேர்க்க விரும்புகிறேன்: உடனிருத்தல். இனி எங்கள் நாடு எவருக்கேனும் நடுவே செல்லுமானால், நல்ல யோசனையோடு நில்லாமல், அது நிறைவேறுவதைக் கண்ணாற் காண்பதற்கான ஏற்பாட்டையும் கையோடு கொண்டு போகவேண்டும்.

அந்த மாணவருக்கு இப்போது விடை சொல்கிறேன். தம்பி, கோவூர்கிழார் முற்றுகையை நிறுத்தினாரா என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதே நெடுங்கிள்ளி, இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கருதிக் கொல்லப் புகுந்தபோது, மறுபடியும் அங்கே நின்று அவனைக் காத்தவர் அதே கோவூர்கிழார் என்பது தெரியும். முதற்சொல் பலித்ததோ இல்லையோ, அவர் அந்த இடத்தைவிட்டு முற்றாக நீங்கிவிடவில்லை. 1962இலே நாங்கள் போனது பிழையன்று. விரைந்து திரும்பியதே குறை. எங்கள் ஒழுங்கையிலே அந்த வேலி பின்னர் பலமுறை அடைக்கப்பட்டது. சட்டம்பியார் மறைந்து நெடுங்காலமாகிறது. வேலியடைக்கும் ஒவ்வொரு முறையும் பலாமரத்துக்குப் போகும் பொட்டை மட்டும் எவரும் அடைக்கவில்லை.